நாற்பத்தோராவது தலை

காற்புள்ளியார் இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழுதியதில் காற்புள்ளி போடுவார், போட்டதை எடுப்பார், எடுத்ததை மறுபடி போடுவார். அவர் போட்ட காற்புள்ளிகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து, வாசலில் கொட்டி வைக்கக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகும் அந்த வடிவத்துக்கே வளைந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஜன்னலோரத்தில் ஐந்து மேசைகள் உண்டு. அங்கே பதிவாசிரியர்கள் உட்காருவார்கள். சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறவர்கள் அவர்கள். காற்புள்ளியாரின் மேசையோ கழிப்பறைக் கதவுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில். ஓய்வு பெறுவதற்குள் ஒரு நாளாவது அந்த ஜன்னல் மேசையில் உட்கார்ந்து, வெளியே பார்த்து, "ம்ம்..." என்று யோசிக்க வேண்டும். அதற்கு இன்னும் நாலு வருஷம்தான் பாக்கி.

அப்போதுதான் எச் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போனார். மகராசி, எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஹெட்.

தலைமை ஆசிரியர் காற்புள்ளியாரைக் கூப்பிட்டார். அந்த அம்மையாருக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் பேசி முடித்த பிறகு யாரும் பேசியதாகச் சரித்திரமே இல்லை.

"மூணு வாரம் இருக்கு. மூணாவது வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எச் அச்சுக்கு இறங்கும். சொல்லு எல்லா அர்த்தத்தோடயும் முழுசா வந்தா ஜன்னல் மேசை உங்களுக்கு. வரலேன்னா பழைய பதிப்புல இருக்கிற நாலு வரியே போகட்டும், நீங்க உங்க காற்புள்ளியைப் பாருங்க."

அடுத்த பதிப்பு ஒன்பது வருஷம் கழித்து. கணக்குப் போடக் காற்புள்ளியாருக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. முற்றுப்புள்ளியம்மா தன் கையால் எழுதிச் சுவரில் மாட்டிய விதி. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு அட்டை. அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு சாட்சிகள் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சொல்லைத் தன் தொழிலில் வாயாரச் சொல்கிறவர்களாக இருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல் தானாக வர வேண்டும். "இதை நீங்க ஹெட்னுதானே சொல்வீங்க?" என்று கேட்டு வாங்கினால் செல்லாது. உப்பு என்ற அர்த்தத்துக்கு ஒரு சமையல்காரர் தேதி போட மறந்ததால், முதல் பதிப்பு உப்பே இல்லாமல் வெளிவந்தது. அம்மையார் அசையவில்லை. "சப்புன்னுதான் இருக்கும். ஆனா சுத்தமா இருக்கும்" என்றார்.

ஆகவே காற்புள்ளியார் ஊரை மேயப் புறப்பட்டார்.

முதலில் ஸ்கூட்டர் மெக்கானிக். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், "ஏதோ சத்தம் வருது" என்றார். மெக்கானிக் மிதித்துப் பார்த்தார், காது வைத்துப் பார்த்தார், தேநீர் குடித்தார். கடைசியில் சொன்னார்: "ஹெட்டைக் கழட்டணும் சார்." காற்புள்ளியாருக்குப் பரவசம் தாங்கவில்லை. கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கி, அட்டையை நீட்டினார். இன்ஜினைப் பிரிக்கச் சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட முதல் வாடிக்கையாளரை அந்த மெக்கானிக் இன்றும் மறந்திருக்க மாட்டார். மறுநாள் ஊரின் மறுகோடியில் இருந்த மெக்கானிக்கிடம் இரண்டாவது சாட்சிக்காக அதே வண்டி போனது. மூன்றாவது நாளிலிருந்து காற்புள்ளியார் நடந்துதான் போனார்.

பம்பு செட் கடைக்காரர், தண்ணீர் ஏற வேண்டிய உயரத்தைத்தான், "எத்தனை அடி ஹெட் வேணும்?" என்று கேட்டு ஒரு அட்டையை நிரப்பினார். குழாய்க்காரர் பூவாளி போலத் தண்ணீர் கொட்டும் ஒன்றைக் காட்டி, "புது ஹெட் மாட்டிடலாம்" என்றார். வாங்காமல் வர முடியவில்லை. சாட்சி இரண்டு வேண்டுமே என்று இன்னொரு கடையிலும் ஒன்று வாங்கினார். பழைய டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கிறவர் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தார். பந்தய மைதான நடுவர் நாணயத்தைச் சுண்டி, "ஹெட்டா, டெயிலா?" என்று கேட்டார். முட்டைக்கோசுக் கிடங்கில் லாரிக்கு இத்தனை ஹெட் என்று ஏற்றினார்கள். கட்டுரைக்குத் தலைப்பு, துறைக்குத் தலைவர், மந்தைக்கு உருப்படி என்று அட்டைக் கட்டு வளர்ந்து, ரப்பர் வளையம் இரண்டு முறை அறுந்தது. ஆணிக்கு மட்டும்தான் தோல்வி. ஆறு தச்சர்களிடம் போனார். ஆறு பேரும் "கொண்டை" என்றே சொன்னார்கள். ஏழாவது தச்சர், "கொண்டைதான். உனக்கு என்ன வேணும்?" என்று சுத்தியலைத் தூக்கினார்.

இத்தனைக்கும் நடுவில் மதியச் சாப்பாடு மட்டும் தவறாது. காற்புள்ளியாரின் மனைவி தெருக்கோடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைக்கு, விண்ணப்பத்துக்கு, கல்யாணத்துக்கு என்று காலையிலிருந்து கூட்டம். அந்த அம்மாள் வந்தவர்களை நிமிர்த்தி, சாய்த்து, அதட்டி, விளக்கைத் தட்டிப் படமெடுத்துக்கொண்டே இருப்பார். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் காற்புள்ளியார் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து அட்டைகளை அடுக்குவார்.

"ஏங்க, உங்க ஆபீஸ் அடையாள அட்டையைப் பாத்தீங்களா? அதுல யாரோ ஒரு மீசைக்காரப் பையன் இருக்கான். முப்பத்திரண்டு வயசு. நீங்கதான்னு வாட்ச்மேன்கூட நம்ப மாட்டான். ஒரு நிமிஷம் வந்து உட்காருங்க, புதுசா எடுத்துடறேன்."

"ம்."

"நேத்தும் இதே ம்தான். ஊர்ல இருக்கிறவன் வாயையெல்லாம் பாத்துட்டு வர்றீங்க. வீட்ல ஒருத்தி பேசறது காதுல ஏறுதா?"

"ம்... முட்டைக்கோசைப் பந்து மாதிரி அடுக்கறாங்கம்மா, தெரியுமா உனக்கு?"

மனைவி குழம்பு ஊற்றிய கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தலையை வச்சுக்கிட்டே உங்களால சமாளிக்க முடியல. இதுல நாப்பது எதுக்கு?"

நாற்பதாவதைக் கொண்டுவந்தவர் மனைவியின் அண்ணன். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வதில் பாதி பொய், மீதிப் பாதி பொய்க்கு முன்னுரை. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"மாப்ளே, கப்பல்ல ஒருத்தன் 'ஹெட்டுக்குப் போறேன்'னு ஓடினா, கேப்டனைப் பாக்கத்தான் ஓடறான்னு நினைச்சு நீங்களும் பின்னாடி போயிடாதீங்க. அது கக்கூஸு."

"மச்சான், விளையாடாதீங்க."

"இருபத்தெட்டு வருஷம் கப்பல்ல இருந்தவன் சொல்றேன். உங்க அகராதியில அது வரலேன்னா, என்னைப் பொறுத்தவரைக்கும் அது அகராதியே இல்ல. அடுப்புக்குக்கூட ஆகாது."

கேட்காமலே வந்த சொல், ஆனால் சாட்சி ஒன்றுதான். இரண்டாவது சாட்சி கிடைத்தது மதுக்கடையில். பீரின் நுரைக்கு அதே சொல்லைச் சொல்கிறார்களா என்று ஒட்டுக்கேட்கப் போனவர், சொல்லுக்காகவே முக்கால் கோப்பை குடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மேசை மாலுமி எழுந்து தள்ளாடி, "டேய், இங்க ஹெட் எங்கடா இருக்கு?" என்று முழங்கினார். காற்புள்ளியார் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், வாசலில் காத்திருந்து, வெளியே வந்ததும் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த மனைவியிடம், "ஒரே கல்லுல ரெண்டு தலை!" என்றார். அன்றிரவு அவருக்குச் சோபாதான் படுக்கை. ஆனால் மச்சான் மறுநாளே சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டு, தான் அகராதியில் வரப்போவதாகச் சொல்லிவிட்டார். எந்த அர்த்தத்துக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் காற்புள்ளியார் நாற்பது அட்டைகளோடு தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். நாற்பது தலை, எண்பது கையெழுத்து. முற்றுப்புள்ளியம்மா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். மெக்கானிக்கின் கிரீஸ் ரேகையை முகர்ந்து பார்த்தார். மாலுமியின் கையெழுத்துக் கோணலை ரசித்தார். நாற்பதும் முடிந்ததும் மறுபடி முதல் அட்டையை எடுத்தார்.

"ஒண்ணு: நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர். சரி. இதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் இல்லையே மேடம். அதான் ஒண்ணு."

அம்மையார் பென்சிலை எடுத்துத் தன் நடுவகிட்டில் இரண்டு முறை தட்டினார். யோசிக்கச் சொல்கிறார் போல என்று காற்புள்ளியார் யோசித்தார். அம்மையார் மறுபடி தட்டினார். இவரும் மறுபடி யோசித்தார். மூன்றாவது தட்டில், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது.

கழுத்துக்கு மேலே இருப்பது. கண், காது, மூக்கு, வாய் எல்லாம் குடியிருக்கும் உருண்டை. தலை! அதற்கு அட்டையே இல்லை. பீர் நுரை இருக்கிறது, முட்டைக்கோசு இருக்கிறது, கப்பல் கக்கூஸ் இருக்கிறது. மனுஷனுக்குத் தலை இல்லை.

"மேடம், இதுக்குமா சாட்சி? எல்லாருக்கும்தான் இருக்கே..."

"உப்பும் எல்லார் வீட்லயும் இருந்தது" என்றார் அம்மையார். "மணி மூணு பத்து."

காற்புள்ளியார் படியில் இறங்கவில்லை, உருண்டார். முற்றத்தில் அச்சகத்துக்குக் காகித உருளைகளை இறக்கிக்கொண்டிருந்த கிரேன் சத்தத்தையும் கூச்சலையும் வழக்கம்போல ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, தெருவுக்கு ஓடினார்.

தலையையே தொழிலாகக் கொண்டவர் யார்? முடி திருத்துகிறவர். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. "குனிங்க சார்" என்றார் அவர். "மண்டையை ஆட்டாதீங்க" என்றார். "தலையைத் திருப்புங்க" என்றார். "கபாலம் சின்னது, ஆனா அழகு" என்றார். தமிழில் இத்தனை சொல் இருப்பது காற்புள்ளியாருக்கு அன்றைக்குத்தான் கசந்தது. வலது பக்கம் முடிந்து இடது பக்கம் தொடங்கும்போது மணி நாலடிக்கப் பத்து. துணியோடு எழுந்து ஓடினார். "சார், பாதிதான் ஆச்சு!" என்று கத்திரிக்கோல் பின்னால் கொஞ்ச தூரம் துரத்தி வந்தது.

ஹெல்மெட் கடை. "சைஸ் அம்பத்தெட்டு வருமா?" என்றார் கடைக்காரர்.

"எதோட சைஸு?" என்று ஆசையோடு கேட்டார் காற்புள்ளியார்.

"ஹெல்மெட்டோடதான். பின்ன என்ன, செருப்போடயா?"

அடுத்தது கிளினிக். "எங்க வலிக்குது?" என்றார் டாக்டர். சொல்லக் கூடாதே! காற்புள்ளியார் விரலால் சுட்டிக் காட்டினார். டாக்டர் பாதி வெட்டிய கிராப்பையும் கழுத்துத் துணியையும் பார்த்தார், மருந்துச் சீட்டில் வேறொரு டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

நாலு இருபத்தைந்து. கால்கள் ஸ்டுடியோவுக்குத் தாமாகவே திரும்பின. மனைவி யாருமில்லாத கடையில் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் துணி கையிலேயே நின்றது.

"என்னங்க இது கோலம்? ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வயலு?"

காற்புள்ளியார் சொன்னார். நாற்பது வரை கொட்டி முழக்கியதையும், ஒன்றில் கவிழ்ந்ததையும். "ஜன்னல் மேசை போச்சும்மா. சாகற வரைக்கும் தண்ணிக் குடத்துப் பக்கத்துலதான்."

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு அவரைத் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். "போனா போகட்டும். குடத்துப் பக்கத்துல இருந்தா தாகமாவது எடுக்காது. இப்ப எங்கயும் ஓட வேண்டாம்ல? மூணு வாரமா தொண்டை கிழியக் கத்தறேன். சீப்பால சரிபண்ணி இந்தப் பக்கமா எடுத்தா தெரியாது." விளக்கைத் தட்டினார். கேமராவுக்குப் பின்னால் போனார். "தோளை இறக்குங்க. மூச்சை விடுங்க. ஹெட்டை நேரா வைங்க."

காற்புள்ளியாரின் காதில் ஏதோ ஒன்று 'டக்' என்று திறந்தது.

"என்ன சொன்னே?"

"ஹெட்டை நேரா வைங்கன்னேன். ஆட்டாதீங்க, ஹெட்டை ஆட்டாதீங்க! இருபது வருஷமா நாளைக்கு நூறு பேர்கிட்ட இதைத்தானே சொல்றேன். திரைக்குப் பின்னாடி உட்காந்து தின்னீங்களே, ஒரு நாளாவது..."

காற்புள்ளியார் ஸ்டூலிலிருந்து எழும்பினார். எழும்பினார் என்பது போதாது, கூரையைத் தொட்டுவிட்டு வந்தார். அதே நேரம் மனைவியின் விரல் பொத்தானில் இருந்தது. பளிச்!

"தாயே, கையெழுத்து!"

மனைவி அட்டையின் பின்பக்கத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தொழில்: போட்டோகிராபர். தேதி போட்டார். அதற்குக் கீழே யாரும் கேட்காமலே ஒரு வரியும் எழுதினார்: 'சாட்சியின் கணவருக்குக் காது மந்தம்.'

இன்னும் ஒரு சாட்சி. இருபது நிமிஷம். மறுபடி அலுவலகத்துக்கே ஓடினார். எங்கே போவது என்று தெரியாமல், ஆனால் காது மட்டும் இப்போது முழுசாகத் திறந்திருந்தது. முற்றத்தில் கால் வைத்தார்.

"ஹெட்! ஹெட்! யோவ், ஹெட்டு!"

அண்ணாந்து பார்த்தார். யானைக்குட்டி கனத்தில் ஒரு காகித உருளை கயிற்றில் ஆடிக்கொண்டு நேராக அவர் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட வேண்டிய மனிதர் அங்கேயே நின்று, சாமி தரிசனம் செய்வதுபோலக் கை கூப்பிச் சிரித்தார். கிரேன் கிறீச்சிட்டு நின்றது. உருளைக்கும் உச்சிமண்டைக்கும் நடுவில் ஒரு அட்டை நுழையும் இடைவெளிதான் இருந்தது.

கிரேன் ஓட்டும் பெண் கூண்டிலிருந்து குதித்து வந்தார். "சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா பெரியவரே? கத்தறேன், காது கேக்கலையா?"

"கேட்டுதும்மா! இப்பத்தான் கேட்டுது! எத்தனை வருஷமா இப்படிக் கத்தறீங்க?"

"பதினோரு வருஷம். பாதி நாள் உங்களைப் பாத்துத்தான் கத்தறேன். ஒரு நாளும் நீங்க குனிஞ்சதில்ல. முதுகு ஏற்கெனவே வளைஞ்சிருக்கப் போய்த் தப்பிச்சீங்க."

திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கோபத்தில் பேனா முனை அட்டையைக் கிழித்துவிட்டது.

நாலு ஐம்பத்தொன்று. முற்றுப்புள்ளியம்மா இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். மனைவி எழுதிய வரியை இரண்டு முறை படித்தார்.

"இவங்க ரெண்டு பேருக்கும் அறிமுகம் உண்டா?"

"கிடையாது மேடம். என்னைத் திட்டறது ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் பொது."

அம்மையார் அட்டையை முதலாவதாக வைத்தார். அச்சுக்குப் போகும் தாளை எடுத்தார். "அறுபது வரி இடம். இது சேர்ந்தா அறுபத்திரண்டு ஆகுது. ரெண்டு வரி வெளியே போகணும். எதை எடுக்கறதுன்னு பதிவாசிரியர்தான் சொல்லணும்."

காற்புள்ளியார் பதிவாசிரியர் யாரென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

இரண்டு வரி என்றால் கப்பல் கக்கூஸ் சரியாக இரண்டு வரி. அதை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் மச்சான்? சொந்தபந்தம்? அதைவிட, மதுக்கடை வாசலில் காத்திருந்த அந்தக் கால்மணி நேரம்? முட்டைக்கோசை எடுக்கலாமா? கிடங்கில் இருநூறு ஹெட் ஏற்றிக் கொடுத்தல்லவா அந்தக் கையெழுத்தை வாங்கினார்! மணி நாலு ஐம்பத்தைந்து.

காற்புள்ளியார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். தாளின் மேல் குனிந்தார். இருபத்திரண்டு வருஷமாக உலகத்துக்குக் காற்புள்ளி போட்ட அந்தக் கை, தான் எழுதிய பதிவில் முப்பத்தேழு காற்புள்ளிகளை ஈவிரக்கமில்லாமல் பிடுங்கி எறிந்தது. 'ஆகிய', 'என்கிற', 'போன்ற' என்று நின்ற சிப்பாய்களில் பதினாறு பேர் அடுத்து விழுந்தார்கள். வரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தன. எண்ணிப் பார்த்தார்கள். அறுபது.

"கக்கூஸு இருக்கட்டும்" என்றார் முற்றுப்புள்ளியம்மா. "நல்ல சாட்சி."

திங்கட்கிழமை காற்புள்ளியார் ஜன்னல் மேசையில் உட்கார்ந்தார். வெளியே பார்த்தார். "ம்ம்..." என்றார். கிரேன் ஓட்டும் பெண் கீழேயிருந்து கையை ஆட்டினார். புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டு அம்மையாரே மேசைக்கு வந்தார். காற்புள்ளியார் மனைவி கொடுத்தனுப்பிய உறையை நீட்டினார். வேறு படம் எடுக்க நேரமில்லை என்றும், எடுக்க மாட்டேன் என்றும் மனைவி கறாராகச் சொல்லியிருந்தார்.

அம்மையார் படத்தை வெளியே எடுத்தார். அதில் ஒரு சட்டைக் காலர் இருந்தது. கழுத்தைச் சுற்றி முடிதிருத்தகத்துத் துணி இருந்தது. கொஞ்சம் தாடை இருந்தது. அதற்கு மேல் சட்டத்தின் விளிம்பு.

"தலை எங்க?"

"எச் தொகுதியில மேடம்" என்றார் பதிவாசிரியர். "நாப்பத்தோரு இடத்துல இருக்கு."

அம்மையார் படத்தை அட்டையில் ஒட்டி, முத்திரை குத்தினார். வாட்ச்மேன் இன்றுவரை அந்த அட்டையைப் பார்த்ததும் வணக்கம் வைத்து உள்ளே விடுகிறார். இப்போதுதான் அச்சு அசலாக அவரைப்போலவே இருக்கிறதாம்.